சட்டைப் பையில் வந்த சாவி

ஒரு மழைக்கால மதியம், துவைக்க எடுத்த கணவரின் சட்டைப் பையில் சிவப்பு வளையம் கோத்த சின்னச் சாவி ஒன்று இருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் அதற்குப் பொருந்தும் பூட்டு எதுவும் இல்லை. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் சுவிட்சில் தொங்கும் பூட்டுக்கான சாவி அது. அதை அவர் பையில் போட வைத்தவர் என்னோடு வேலை பார்த்த அக்கா.

அக்காவும் நானும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் இயந்திரங்களுக்கான செயல்முறைக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தோம். எழுத்து வேலை என்று சொன்னால் கதையா, கவிதையா என்பார்கள். நாங்கள் எழுதியதை ஆசைப்பட்டுப் படித்தவர் ஒருவரும் கிடையாது. வேறு வழியில்லாதபோதுதான் படிப்பார்கள், அதுவும் நின்றுகொண்டு. பண்ருட்டிக்காரரான அக்கா எந்தக் குறிப்பை எடுத்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பார்: "இதப் படிக்கிற ஆளு கையில அப்போ இன்னா வச்சிக்கினு இருப்பாரு?" பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, எங்கள் வரிகளைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பார். நடுவில் மூச்சு வாங்கினால் அந்த வரி போச்சு. என் அழகான வரிகளெல்லாம் அப்படித்தான் போயின. எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

மழை பெய்தால் பெல்ட்டின் உருளைகளில் களிமண் அப்பிக்கொள்ளும். 'பெல்ட் நின்றதும் களிமண்ணை அகற்றவும்' என்றது அங்கே தொங்கிய பழைய அட்டை. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. நின்றிருக்கும் பெல்ட்டை எங்கோ கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒரு பொத்தானில் ஓட்டிவிடலாம், அப்போது ஒருவரின் கை உள்ளே இருக்கும். என் கணவர் அந்தப் பிரிவுக்கு மாற்றலாகியிருந்த சமயம் அது. அந்த அட்டையின் எந்த வரியையும் அவர் கையை நினைக்காமல் என்னால் படிக்க முடியவில்லை. 'சுவிட்சை அணையுங்கள். உங்கள் பூட்டைப் போடுங்கள். சாவியை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். பிறகு உருளையைத் தொடுங்கள்' என்று அக்கா மாற்றினார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இருக்கிறதே என்று மேலதிகாரி முகம் சுளித்தார். அக்கா மல்லுக்கட்டி அதையே மாட்ட வைத்தார்.

சாவி கிடைத்த அன்று, வேலையை முடித்த கணவர் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நான் சாவியைக் கையில் வைத்து விழித்துக்கொண்டிருக்கும்போதே சுரங்கத்திலிருந்து போன் வந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தார்களாம், பெல்ட் அசையவே இல்லையாம். சாப்பாட்டில் பாதியில் எழுந்தவர், "பையில வைன்னு எழுதியிருந்தாங்க, வச்சேன். எப்ப எடுக்கணும்னு எழுதலியே" என்று முணுமுணுத்தபடி சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கை உள்ளே இருந்தபோது யாராவது அழுத்தியிருந்தாலும் பெல்ட் அசைந்திருக்காது. துணித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எதுவும் நடக்காமல் இருப்பதற்காகவே எழுதப்படும் எழுத்து எங்களுடையது. நடக்காத ஒன்றுக்கு யார் வந்து பாராட்டுவார்கள்?

மறுநாள் சொன்னபோது அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். "தப்பு அவருது இல்லம்மா, நம்மளுது" என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'பூட்டைக் கழற்றி, சாவியை ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்குப் போங்கள்.' வீட்டுக்குப் போவதெல்லாம் செயல்முறையில் வராது என்று மேலதிகாரி அதை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

"அதுக்குத்தாங்க மேல இருக்கிற மத்த வரியெல்லாம்" என்றார் அக்கா. மேலதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

அக்கா போன வருஷம் இறந்துபோனார். இப்போது நான் தனியாக எழுதுகிறேன், தனியாக எழுந்து நின்று படித்துப் பார்க்கிறேன். கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையை நனைக்கும் முன் பையைத் தடவிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இன்றும் பார்த்தேன், காலியாக இருந்தது. கடைசி வரி வரைக்கும் செய்துவிட்டுத்தான் அவர் வந்திருக்கிறார், அக்கா.