மாடத்தின் நான்கு பக்கங்கள்

ஸ்ரீராம்புரம் முனிராஜ் டைல்ஸ் ஒட்டுகிறவர். எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடிகளில் படிக்கட்டு, நீரூற்று, பூந்தொட்டி மேடை என்று ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்த வடிவங்களை அவரிடம்தான் கொடுப்பார்கள். எத்தனை டைல்ஸ் தேவை என்று கேட்டால் எப்போதும் ஒரே பேச்சு: "உக்காந்த எடத்த விடு, பள்ளத்த சேரு." ஒரு மேடைமேல் இன்னொன்று அமர்ந்த இடம் மறைந்துபோகும், அதற்கு டைல்ஸ் வேண்டாம். குடைந்த பள்ளத்துக்கோ உள்சுவர்கள் உண்டு. பரப்பு கூடத்தான் செய்யும்.

அவர் மனைவி ரத்தினம்மாள் அடுப்படிச் சுவருக்கென்று நாலு பெட்டி நீல டைல்ஸ் வாங்கிவைத்தாள்.

"ஊருக்கெல்லாம் ஒட்டுறியே, நம்ம சுவரு என்னிக்கு?"

"வர்ற ஞாயித்துக்கெழம."

பெட்டிகள் கட்டிலுக்கடியில் இருக்கும்போதே அவள் போய்விட்டாள்.

வருஷ திதிக்குள் அவளுடைய சமாதி முழுவதையும் அந்த நீலத்தாலேயே மூட நினைத்தார். அந்த டிசைன் இப்போது வருவதில்லை. ஆகவே, இருந்த நாற்பத்தெட்டுக்குப் பொருந்தும்படி சமாதியையே அளந்து கட்டினார். டைல்ஸ் ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரம். கீழ்மேடை ஆறுக்கு மூன்றடி, மேல்மேடை நாலுக்கு இரண்டடி, இரண்டும் ஓரடி உயரம். சுற்றுப்பக்கங்களுக்குப் பதினெட்டும் பன்னிரண்டும். மேல்மேடை மறைக்கும் இடத்தை அதன் தலைப்பரப்பே ஈடுகட்டிவிடும். ஆக மேலே பதினெட்டு. முகப்பில் அகல் வைக்க, அரையடிச் சதுர வாயும் ஓரடி ஆழமுமாக ஒரு மாடம். வாய்க்கு வெட்டியெடுத்த துண்டுகள் பின்சுவருக்குச் சரியாக இருந்தன.

கடைசி டைல்ஸை ஒட்டி முடித்தபோது, கலவை போட்டுக்கொண்டிருந்த மைத்துனன் அப்பாதுரை குனிந்து பார்த்தான்.

"மாமா, மாடத்துக்குள்ள?"

"பின்னாடி ஒட்டிட்டனே."

"மேல, கீழ, ரெண்டு ஓரம்?"

முனிராஜ் கையை உள்ளே விட்டார். நான்கு பக்கமும் சிமென்ட் சொரசொரத்தது.

"பள்ளத்த சேரு, பள்ளத்த சேருன்னு என் உசுர வாங்குவியே மாமா." அப்பாதுரை சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ரெண்டே டைல்ஸ்தான் கொறயுது. சமாதிக்குப் பின்பக்கம் யாரு பாக்கப் போறா? அங்கருந்து பேத்துரலாமா?"

"ஒடஞ்சிரும்டா."

"வெள்ள டைல்ஸ் துண்டு கெடக்குது."

"வாணாம்."

திதியன்று அகலை ஏற்றினார்கள். பின்சுவர் மட்டும் நீலமாக மினுங்கியது. சுற்றியிருந்த சிமென்ட்டில் வெளிச்சம் ஒட்டவேயில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம சும்மா நாலு கடை ஏறி எறங்கலாம், மாமா. எங்கனா கெடைக்கும்."

முனிராஜ் அகலில் எண்ணெய் ஊற்றினார். அது நிரம்பி, சிமென்ட்டில் வழிந்து ஊறியது.