பெரியகருப்பனின் மூச்சு

போன வாரம் டாக்டர் என் முதுகில் குழாயை வைத்து, மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. இந்த லட்சணத்தில் நானும் ஒரு காலத்தில் சடுகுடு ஆடியவன் என்று அவரிடம் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆடினேன் என்பதுகூட மிகைதான். பெரியகருப்பன் பாடிப் போகும்போது கோட்டுக்கு இந்தப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் மேலூர்ப் பக்கத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. எதிராளிகள் காலைக் கவ்வி இழுத்தாலும் பாட்டு அறுபடாமல் கோட்டைத் தொட்டுவிடுவான். அந்த மூச்சுக்காகவே நான் வேலை பார்த்த பஞ்சாலையில், ஆலைக் கோஷ்டிக்குச் சடுகுடு ஆட அவனைக் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். யுத்தகாலம், ஆலை ராப்பகலாக ஓடியது. பஞ்சுப் பொதியை உடைத்து அடிக்கிற இடத்தில் அவனைப் போட்டார்கள். அங்கே போனால் புருவம், மீசை எல்லாம் வெள்ளையாகிவிடும். பச்சைப் பஞ்சின் அந்தக் கமறல் வாடை குளித்தாலும் போகாது.

லீவு முடிந்து திங்கட்கிழமை வந்தாலே நெஞ்சைக் கட்டுகிறது என்பான். வெல்லம் தின்னச் சொன்னோம். ஆட்டக்காரனுக்குச் சத்து வேண்டுமென்று பச்சை முட்டையில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தோம். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அம்புட்டுதான்.

ஒரு சித்திரையில் சிம்மக்கல்லுக்குக் கீழே, வைகை மணலில், மேலூர்க்காரர்களோடு ஆட்டம். பாடிப் போனவன் பாதியில் நின்றான். யாரும் அவனைத் தொடவில்லை. பாட்டு மட்டும் நின்றுபோயிற்று. வேடிக்கை காட்டுகிறான் என்று கூட்டம் சிரித்தது. மேலூர்க்காரர்களும் நம்பாமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

கரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஆலையில் வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாமே என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"ஆடுறதுக்குத்தான மாப்ள கூப்பிட்டாங்க. முடியலன்னு எப்பிடிப் போயிச் சொல்ல?"

அவன் சொல்லவில்லை. ஆடாதவனை ஆலை அதிக நாள் வைத்துக்கொள்ளவும் இல்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் மனைவியின் ஊருக்குப் போய்விட்டான்.

அடுத்த வருஷம் பார்க்கப் போனேன். தோள் எலும்பு தூக்கி நிற்க, வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மகள் களத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். பிறகு இரண்டு கையையும் தட்டினான். அந்தப் பிள்ளைக்கு அது பழக்கமாகியிருக்க வேண்டும்; சத்தம் கேட்டதும் ஓடி வந்தாள்.

அந்த ஐப்பசி மழைக்கு அவன் இல்லை. முப்பது வயது ஆகியிருக்காது.

ஆலையும் பிற்பாடு மூடப்பட்டது. சிம்மக்கல்லுக்குக் கீழே இப்போது வைகையில் மணலே கிடையாது, கருவேலமும் சாக்கடையும்தான். அப்போதெல்லாம் பொதபொதவென்று இருக்கும் அந்த மணல். அதில் விழுந்து எங்களில் ஒருவனுக்கும் அடிபட்டதில்லை.