பெரியப்பா சுற்றிய வெள்ளை டேப்

பைப் பொருத்து ஒன்றிலிருந்து எண்ணெய் ஒழுகினால் அதற்கென்று இருக்கிற ஆளைக் கூப்பிட வேண்டும். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிற இந்தச் சின்ன விசயம் எங்கள் வீட்டில் மட்டும் ஏன் நடக்காது என்று ஒன்பது வயதில் எனக்கு வந்த எரிச்சல், இன்னும் முழுதாகத் தணியவில்லை.

கனடாவில், டோர்செட் பார்க்கில், மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இருந்த பழைய வீடு அது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் காஸுக்கு மாறிவிட்டார்கள். நாங்கள் மட்டும் எண்ணெயில் எரிகிற பேர்னஸை வைத்து வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தோம். அந்தக் குளிர்காலத்தில், பேஸ்மென்டில் எண்ணெய்த் தாங்கியோடு குழாய் சேரும் இடம் கசியத் தொடங்கியது. தங்கச்சி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பெரியப்பா வந்தார். எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் எது பழுதானாலும் முதல் உரிமை அவருக்கு. தண்ணீர்ப் பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை எண்ணெய்க் குழாயின் திருகுப் புரிகளில் சுற்றி முறுக்கிவிட்டு, “இனி ஒரு சொட்டும் வராது” என்றார். அடுத்த நாளே வந்தது. அவரும் வந்தார், இன்னும் கொஞ்சம் சுற்றினார். கடைசியில் அந்தப் பொருத்து கட்டுப்போட்ட விரல்போல வீங்கி நின்றது, ஒழுகுவது மட்டும் நிற்கவில்லை.

வீடு முழுக்க எண்ணெய் நாற்றம். அதை மறைக்க அம்மா, தங்கச்சியைக் குளிப்பாட்டிப் பிடிக்கிற சாம்பிராணிப் புகையை அறை அறையாகப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து என் கோட்டில் ஏறிக்கொண்டன. வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையைத் தள்ளிப் போட்டாள். “ஆளைக் கூப்பிடுங்கோவன்” என்று அம்மா கெஞ்சினால், “அண்ணை குறை நினைப்பார்” என்பார் அப்பா. இதுதான் தினமும் கதை.

ஒரு சனிக்கிழமை காலை பேர்னஸ் நின்றுவிட்டது. தங்கச்சியின் கைகள் சில்லென்று கிடந்தன. அம்மா அப்பாவைக் கேட்கவில்லை, தானே போனை எடுத்தார்.

திருத்த வந்தவர் டேப்பை உரித்தெடுத்தார். அதன் துணுக்குகள் உள்ளே போய் எண்ணெய் பாயும் வழியை அடைத்திருந்தன. எண்ணெய்க்கு டேப் கூடாது, பசைதான் பூச வேண்டும் என்று சொல்லி, புரிகளைத் துடைத்துப் பூசி முறுக்கினார். பிறகு, யார் இந்த வேலையைப் பார்த்தது என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா புது டேப்போடு படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

சொல்ல என் வாய் துடித்தது. அப்பா முந்திக்கொண்டு, நான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பெரியப்பா கையிலிருந்த டேப்பை ஜாக்கெட்டுக்குள் வைத்துவிட்டு, “தம்பி, தெரியாத வேலையில ஏன் கை வைக்கிறாய்? என்னட்ட ஒரு சொல் சொல்லியிருக்கலாமே” என்றார்.

“ஓம் அண்ணை, பிழைதான்.”

அம்மா மேலே போய்க் கேத்திலைத் தொம்மென்று வைத்தார். எனக்கும் எதையாவது தூக்கிப் போட வேண்டும்போல இருந்தது.

இனியாவது பெரியப்பாவின் திருத்தல் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த நாள் பார்த்தால், அப்பா குசினி அலுமாரிக் கதவின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். நன்றாகப் பூட்டுப்படுகிற கதவு! அது ஒருபக்கம் தொங்கியதும் போனை எடுத்தார். “அண்ணை, அலுமாரிக் கதவு கழண்டுபோச்சு. நாளைக்குக் காலமை ஒருக்கா வந்து பாக்கிறியளே?”

பெரியப்பா வேலை செய்த தொழிற்சாலையை அப்போது மூடிவிட்டிருந்தார்கள். பெரியம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வராமல், அவர் காலையில் வேலைக்குப் போவதுபோல வெளிக்கிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு அப்போது அது எங்கே தெரிந்தது? “உங்களுக்கு என்ன விசரோ அப்பா?” என்று கேட்டேன்.

“ஓம்” என்றுவிட்டு, அவர் அடுத்த திருகாணியைக் கழற்றத் தொடங்கினார்.