கரடியின் இடது அக்குள்

அப்போது கோலாலம்பூரில் ஒரு மியூசியத்தில் விலங்குகளைப் பாடம் செய்யும் அறையில் எனக்கு வேலை. தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே மரச்சட்டமும் சணலும் வைத்து, உயிரோடு நிற்பதுபோல் நிறுத்துவோம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ரயில்வேக்காரர்கள். கரியும் எண்ணெயுமாக வீடு திரும்புகிற அவர்கள்கூட என் சட்டை வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒருநாள் காலையில் கிள்ளான் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்றிலிருந்து தந்தி வந்தது. சரக்கு வண்டியில் ஒரு சிறு கரடி அடிபட்டுச் செத்துக் கிடக்கிறதாம். எங்கள் துரை என்னைப் போகச் சொன்னார். முடி போகக் கூடாது என்றார்.

இந்த ஊர் வெக்கையில் அது லேசான காரியமில்லை. செத்த உடம்பு சூடு ஆறாமல் கிடந்தால் தோல் அடியிலிருந்து அழுகத் தொடங்கும். முடியின் வேர் பிடி விட்டுவிடும். பார்வைக்குத் தோல் நன்றாகவே இருக்கும். பதப்படுத்தும்போதுதான் கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். சீக்கிரம் உரித்து, கொழுப்பைச் சுரண்டி, உட்புறம் முழுக்க உப்பை அழுத்தித் தேய்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. சிறு கரடிக்குப் போதுமான உப்பை எடுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

சரக்குக் கொட்டகை நிழலில் கிடந்தது முழு வளர்ச்சி அடைந்த ஆண் கரடி. மார்பில் மஞ்சள் பிறை. விடிந்து வெகுநேரம் கம்பிச்சடக்கு என்று நாங்கள் சொல்லும் தண்டவாளத்தின் ஓரத்துச் சரளைக்கல்லில் வெயிலில் கிடந்ததை, பிறகுதான் ஆட்கள் இழுத்து வந்து போட்டிருக்கிறார்கள்.

“சின்னக் கரடின்னு தந்தி வந்துச்சுங்களே, ஐயா?” என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

“நான் கிட்டப் போய்ப் பார்க்கேல்லை. போர்ட்டர் சொன்னதை அடிச்சனான். அடுத்த வண்டியில ஏத்திக்கொண்டு போம்.”

“முழுசா கொண்டு போனா கோலாலம்பூர் போறதுக்குள்ள முடியெல்லாம் கழண்டுடும். இங்கயே உரிக்கணும்.”

“சனம் வந்து போற இடம், தம்பி!”

“கொட்டகைக்குப் பின்னால வெச்சு உரிக்கிறேன். கழுவி விட்டுட்டுத்தான் போவேன்.”

அவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன்.

காதுகளை உள்வெளியாகத் திருப்பினேன். உதடுகளைப் பிளந்தேன். விரல்களைக் கடைசிக் கணுவரை உரித்தேன். உப்பு ஏறாமல் முதலில் கெடுவது இந்த இடங்கள்தான். உரித்த இடமெல்லாம் உப்பைத் தேய்த்துக்கொண்டே முதுகுக்கு வந்தபோது பாதித் தோல் பாக்கியிருக்க, உப்பு தீர்ந்துவிட்டது.

தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் வீட்டம்மா தன் வீட்டுப் பின்வாசலிலிருந்து நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே, உப்புக்கண்டமா போடுறீங்க?”

“கறிக்கில்லக்கா, தோலுக்கு. கல்லுப்பு இருக்கா?”

“எவ்ளோ வேணும்?”

“இருக்கிறதெல்லாம்.”

சிரித்துக்கொண்டே போனவள் ஒரு ஜாடியை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தாள். எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு வாங்கி வைத்ததாம். “அந்தக் கொழுப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“தூக்கிப் போடத்தான்.”

“போட்டுறாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலி. கரடி நெய் தேச்சா கேக்குமாம்.”

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கொழுப்பு ஒட்டிய இடத்தில் உப்பு இறங்காது என்பதால் ஒட்டச் சுரண்டித்தான் ஆகவேண்டும். சுரண்டியதை ஜாடி நிறையக் கொடுத்தேன். பிறகொரு முறை அந்த வழியாகப் போனபோது விசாரித்தேன். “அந்த நாத்தத்துக்கே வலி ஓடிப்போச்சுண்ணே” என்றாள்.

உரித்த மறுநாள் மியூசியத்தில் ஈர உப்பை உதறிவிட்டுப் புது உப்பு போட்டு, நிழலில் நீர் வடியவிட்டேன். அடுத்து, உப்பும் படிகாரமும் கரைத்த தொட்டி. படிகாரம் தோலை இறுக்கி முடியைப் பிடித்துக்கொள்ளும். தோல் ஊறிய பிறகு காதோரம் முடியை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மஞ்சள் பிறையும் கெட்டியாக இருந்தது. இடது அக்குளில் விரல் வைத்ததும் உள்ளங்கை அகலத்துக்கு முடி அப்படியே கழன்று வந்தது. கல்லில் படுத்துக் கிடந்த பக்கம் அது. பிறையிலிருந்து அந்த இடம் தள்ளி இல்லை.

அதற்குமேல் இழுத்துப் பார்க்கவில்லை. விளிம்பைச் சுற்றிப் படிகாரத்தைக் குழைத்துப் பூசி, தோலை மீண்டும் தொட்டியில் இறக்கினேன். துரை வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பரவுகிறதா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். நல்லவேளை, பரவவில்லை.

இரண்டு கைகளையும் தூக்கி நிற்கிற கரடி வேண்டுமென்பது துரையின் எண்ணம். அதை விட்டுவிட்டோம். வலது கையைத் தூக்கியும், இடது கையை விலாவோடு ஒட்டி மடக்கியும் நிறுத்தினோம். வழுக்கை மறைந்துவிட்டது. தீபாவளிக்கு மறுநாள் எஸ்டேட்களிலிருந்து வந்த கூட்டத்தில் ஒருத்தி, “அக்குள சொறியுது பாருடி!” என்று கூவ, அவளோடு வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் அதன் மூக்கில் மெல்லிய பூஞ்சை படரும். மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பெட்டியை மூடுவேன். முடி உதிரவில்லை. பிறகு என்னைப் பறவைகள் பக்கம் மாற்றிவிட்டார்கள். கரடியை வேறொருவர் பார்த்துக்கொண்டார்.