மாத்திரை கிழியும் சத்தம்

இடுப்புவலிக்குத் தோழி கொடுத்த மாத்திரை அட்டையைக் கிழித்ததும், அந்தச் சத்தத்தில் எங்கள் பழைய சுரங்கக் குவார்ட்டர்ஸ் கண்முன் வந்துவிட்டது.

ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் காக்கிச் சட்டையில் கிரீஸ் மணக்கும். பையில் வலி மாத்திரைகள் கிடக்கும். மைன்ஸில் வெற்றிலையைப்போல அதையும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் கால் வீங்கி, பூட்ஸ் நுழையவில்லை.

“கண்ட மாத்திரையும் போட்டு கிட்னி கெட்டுக்கிட்டு வருது. இப்பவே நிறுத்திட்டா காப்பாத்திடலாம்” என்றார் டாக்டர்.

அன்றே அம்மா அப்பாவின் சட்டைப் பைகளையெல்லாம் தைத்து மூடினாள்.

“எவன் குடுத்தாலும் எதுல போட்டுக்கினு வருவீங்கன்னு பாக்கறேன்!”

இப்போது உள்ளறையிலிருந்து அப்பா கேட்கிறார்: “அது இன்னா மாத்திரை? யாரும்மா குடுத்தது?”

எண்பதை நெருங்குகிறார். டிவியை அலறவிட்டாலும் கேட்காத காது, இந்தச் சத்தத்தை மட்டும் விடுவதில்லை.