மீசை வைத்த மணப்பெண்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், கேட்பவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று பார்த்துத்தான் பதில் சொல்வேன். கதிர்காமத்தில் நான் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காக்களுக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். ஆடித் தள்ளுபடி என்று ஊரெல்லாம் ஆட்டோ ஸ்பீக்கரில் கத்துவது நான்தான். இரண்டும் போக, நாடகம். மேடையில் நிற்கும்போது மட்டும் நான் யார் என்ற குழப்பம் எனக்கு வராது. வீட்டில் மதிப்பில்லாததும் அதற்குத்தான்.

அப்பாவுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. மில் மூடி எத்தனையோ வருஷம் கழித்து ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோதும் எங்கள் நெல்லித்தோப்பில் அவர் ‘மில்லுக்காரர்’தான். யார் கேட்டாலும் அதையே சொல்வார். இப்போது அப்பா இல்லை. அந்தப் பேரைக் கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பெண் என்ன செய்கிறாள் என்று அவர்கள் வீட்டில் கேட்டார்கள். அப்பா மேக்கப் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நாடகம் என்றால் சம்பந்தம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். மாப்பிள்ளையிடம் நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவருக்கு ஆட்சேபம் இல்லை, தன் அம்மாவிடம் சொல்லத் தைரியமும் இல்லை.

“தாலி ஏர்ற வரைக்கும் வாயத் தொறக்காத” என்றார் அப்பா. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. எனக்கு உயிரானதை மறைத்துவிட்டு ஒரு வீட்டுக்குள் நுழைவதா? ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் கூட்டாளிகள் பேனர் வைக்காமல் விடுவார்களா? அதை அப்பாவும் நானும் மறந்துவிட்டோம். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், வரவேற்புக்காக மண்டபத்து மாடியில் எனக்கு நானே மேக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். நாடகக் குழுவினர் வாசலில் பேனர் கட்டிவிட்டதாகத் தங்கை வந்து சொன்னாள். ஒரு கண்ணில் மட்டும் மையோடு கீழே ஓடினேன்.

பேனரில் ஆளுயரத்துக்கு நான். லுங்கி, முரட்டு மீசை, விரலிடுக்கில் பீடி. வேலை போன தொழிலாளி ஒருவரைப் பற்றிய எங்கள் நாடகத்தில் எடுத்த படம் அது. குழுவில் ஆண்களுக்குப் பஞ்சம் என்பதால் அந்த வேஷம் என் தலையில் விழுந்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில், ‘எங்கள் கதாநாயகனுக்குத் திருமண வாழ்த்துகள்’. படுபாவிகள்.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி அவசரமாகக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. மாமியார் இறங்கி நேராகப் பேனரைத்தான் பார்த்தார்.

“யாரு சம்பந்தி இது?”

என் நாடகம் ஒன்றைக்கூட அப்பா பார்த்ததில்லை. படத்தையும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வெளுத்த நீலச் சட்டை. பையின் மேல் மில்லின் பெயர் தைத்திருந்தது. அவருடைய பெட்டியிலிருந்து நான் கேட்காமல் எடுத்தது. கல்யாணமே போனது என்று நினைத்தேன்.

“ஒங்க மருமகதான்” என்றார் அப்பா. “நாடகத்துல நடிக்குது. போட்டிருக்கிறது என் சட்ட.”

பிறகு அவிழ்த்த கயிற்றை இழுத்து, மறுபடியும் முடிச்சுப் போட்டார். மாமியார் என் பக்கம் திரும்பி, இன்னொரு கண்ணுக்கும் மை வைத்துக்கொண்டு சீக்கிரம் வரச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்பா நாற்காலியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

“மில்லு மூடுன அன்னிக்கு கேட்டு வாசல்ல நான் இப்டிதான் நின்னேன்” என்றார்.