கஞ்சி போட்ட கம்பளி வட்டு

சென்ற ஜூலை ஒன்பதாம் தேதி, காலை ஏழே கால் மணி, நசநசவென்று தூறல். காருக்கு மெருகேற்றும் இயந்திரத்தில் மாட்டியிருந்த பஞ்சு வட்டைக் கழற்றி மகன் குப்பையில் போட்டான். "கழுவினா இன்னும் ஆறு வண்டிக்கு வருமே" என்றேன். "அதுக்கெல்லாம் ஆருக்குப்பா நேரம்?" என்றான். அவன் கையில் பாலிஷ் வாடை. எங்கள் காலத்துப் பாலிஷில் மண்ணெண்ணெய் தூக்கலாக இருக்கும். சோறு தின்னும்போதும் விரலை விட்டுப் போகாது.

தொண்ணூறுகளில் பாறசாலையில் நானும் சேவியரும் கூட்டாகக் கார் மெருகுக்கடை வைத்திருந்தோம். ஒரு மெருகு இயந்திரம், அதன் முனையில் மாட்ட நாலே நாலு கம்பளி வட்டுகள். ஒரு வண்டி முடிந்ததும் இயந்திரத்தை மெல்லச் சுழலவிட்டு, மழுங்கிய திருப்புளியால் ஒட்டிய பாலிஷைக் கோதியெடுக்க வேண்டும். பிறகு சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, தூசி படாமல் பையில் கட்டிவைக்க வேண்டும். இதற்காகச் சேவியரை நான் நச்சரித்தது கொஞ்சமல்ல.

கடைக் கிணறு வற்றிய கோடையில் வட்டுகளை அவன் தனுவச்சபுரத்தில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோய், கழுவிக் காய்ந்ததும் எடுத்துவந்தான். அப்போதுதான் பூவார்ப் படகுக்காரர் ஒருவர் கறுப்பு அம்பாசிடரைக் கொண்டுவந்து விட்டார். "நாளைக்கு எக்க மவளுக்குக் கல்யாணம். முகம் தெரியணும், கேட்டியளா?"

சேவியர் இன்ஜினுக்கு மேலுள்ள முன்மூடியில் வட்டை ஓட்டினான். கறுப்பு முழுக்கச் சிலந்தி வலையாகக் கீறல்.

"எக்க மாதாவே!" என்றான்.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி பிலோமினா சோற்றோடு வந்தாள். "அண்ணே, வட்டப் பாத்தியளா? இவியளுக்க முண்டோட சேத்து அலக்கி, கஞ்சி முக்கி, நீலமும் போட்டதாக்கும்!"

காய்ந்த கஞ்சி கம்பளியைக் கம்பியாக்கியிருந்தது. சேவியர் வாயைத் திறந்தான், அவன் காலை மிதித்தேன். "நல்ல வேலையாக்கும், பிலோமினா" என்றேன். அந்தப் பூரித்த முகத்தைப் பார்த்தபின் வேறென்ன சொல்ல?

அவள் போனதும் சேவியர் குதித்தான். "வேய், படகுக்காரருக்கிட்ட நீரே போய்ச் சொல்லும்!"

போய் உள்ளதைச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இப்ப பூவ வச்சு மூடும். கல்யாணம் கழிஞ்சு பெயிண்டு அடிச்சுத் தரணும்" என்றார்.

முன்மூடி முழுக்கத் தோவாளைச் சந்தைப் பூ. மற்ற இடங்களைப் பழைய வேட்டித் துணியால் கையாலேயே தேய்த்தோம். வண்டி கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது வேடிக்கை பார்த்த கூட்டத்தில் பிலோமினா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "பளபளப்பப் பாரு மக்கா, நான் கஞ்சி போட்ட வட்டாக்கும்!"

அடுத்த வாரமும் வட்டுகளைக் கேட்டாள். கொடுத்தோம். புதிதாக நாலு வாங்கி அவள் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டோம். கடை மூடும்வரை வாரந்தோறும் அந்தப் பழைய நாலுக்கும் கஞ்சி போட்டுத் தந்தாள். இன்று கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். சேவியர் இல்லை. பிலோமினாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒன்றும் தெரியாமலே. பூ, பெயிண்டு, கூலி, நாலு புது வட்டு எல்லாம் சேர்த்து, ஐயாயிரத்து முன்னூற்று இருபது ரூபாய்.